விழுதுவிட்ட கதைகள்

ஒரு தொடரின் மாந்தர் மற்றொரு தொடருக்குள் வந்து பேசுவதும், ஒன்றில் நேர்ந்த இழப்பு மற்றொன்றில் துயராகத் தொடர்வதும் அரிய கதை உத்தியாகும். அமெரிக்கத் தொலைக்காட்சியில் இவ்வுத்தியை விரிவாகக் கையாண்டவர், எழுத்தாளரும் தயாரிப்பாளருமான கிரெக் பெர்லான்டி.

தோல்விக்குப் பின்

பெர்லான்டி, 'டாசன்ஸ் கிரீக்' என்னும் இளையோர் தொடரில் எழுத்தாளராகத் தடம் பதித்தார். 2002ஆம் ஆண்டு 'எவர்வுட்' தொடரை உருவாக்கினார். மனைவியை இழந்த மருத்துவர் ஒருவர், தம் பிள்ளைகளுடன் சிற்றூரில் குடியேறி வாழும் கதை அது. 2011இல் வெளிவந்த 'கிரீன் லேன்டர்ன்' என்னும் சூப்பர் ஹீரோ திரைப்படத்தின் திரைக்கதையை எழுதியவர்களுள் இவரும் ஒருவர். அப்படம் எதிர்பார்த்த வெற்றியைப் பெறவில்லை. ஆயினும் அவர் அத்துறையை விட்டு விலகவில்லை. அத்திரைக்கதையில் உடனெழுதிய மார்க் குகன்ஹைம், ஆண்ட்ரூ கிரைஸ்பெர்க் ஆகியோருடன் இணைந்து 2012இல் 'ஆரோ' தொடரைத் தொடங்கினார்.

வேரும் விழுதும்

ஆளில்லாத் தீவில் சிக்கி, ஐந்தாண்டுகளுக்குப் பின் ஊர் திரும்பும் செல்வர் மகன் ஆலிவர் குவீனே 'ஆரோ'வின் நாயகன். வில்லும் அம்புமே அவனுடைய வலிமை. இத்தொடரின் இரண்டாம் பருவத்தில் பேரி ஆலன் என்னும் தடயவியல் அறிஞன் விருந்தினனாக வந்தான். மின்னல் தாக்கி மின்னல் வேகம் பெற்ற அவனே 2014இல் 'தி ஃபிளாஷ்' தொடரின் நாயகனானான். 1990ஆம் ஆண்டுத் தொடரில் ஃபிளாஷாக நடித்த ஜான் வெஸ்லி ஷிப், புதிய தொடரில் அவனுக்குத் தந்தையானார். இரு தொடர்களிலும் துணைமாந்தராக இருந்தவர் பலர் 2016இல் 'லெஜெண்ட்ஸ் ஆஃப் டுமாரோ' தொடரில் முதன்மை பெற்றனர். இவ்வாறு ஆலமரத்தின் விழுதே மற்றொரு மரம்போல் ஊன்றி நின்றது.

ஈருலகம் ஓருலகமாதல்

'சூப்பர்கேர்ள்' தொடர் 2015இல் வேறொரு தொலைக்காட்சியில் தொடங்கியது. எனவே, அதன் நாயகி வேறோர் உலகில் வாழ்பவளாகக் காட்டப்பட்டாள். ஃபிளாஷ் தன் வேகத்தால் உலகங்களைக் கடந்து அவளைச் சந்தித்தான். அடுத்த பருவத்தில் அத்தொடர் மற்றவை ஒளிபரப்பான 'தி சிடபிள்யூ' தொலைக்காட்சிக்கே மாறியது. ஆயினும் கதையில் உலகங்கள் தனித்தனியாகவே இருந்தன.

2019 டிசம்பர் முதல் 2020 ஜனவரி வரை 'முடிவிலா உலகங்களின் நெருக்கடி' என்னும் பொருள்படும் கதை, ஐந்து தொடர்களில் ஐந்து பகுதிகளாக ஒளிபரப்பானது. 1985ஆம் ஆண்டு வெளிவரத் தொடங்கிய படக்கதையைத் தழுவியது அது. அதில் ஆலிவர் உயிர்துறக்க, சிதைந்த உலகங்கள் இணைந்து ஓருலகமாயின. இரு நிறுவனங்களின் எல்லையால் பிறந்த பிரிவைக் கதையே நீக்கிற்று.

இணைப்பின் விலை

இவ்வுத்தியில் இடர்ப்பாடும் உண்டு. ஒரு தொடரை மட்டும் காண்பவர்க்கு இடையில் வரும் கதைப்பகுதி புரியாமற்போகலாம். எனவே, ஒவ்வொரு தொடரும் தன்னளவில் நிறைவு பெறுவதும், பிறவற்றோடு பிணைந்து வளர்வதும் ஒருசேர நிகழ வேண்டும். இதற்குத் துணைநின்றது குடும்பப் பாசமே. தாயின் கொலைக்காகக் குற்றமற்ற தந்தை சிறையிலிருக்கும் துயரே பேரியை இயக்குகிறது. 'எவர்வுட்'டில் கண்ட குடும்ப உறவின் வலியே இங்கும் அடிநாதமாக ஒலிக்கிறது.

'ஆரோ' 2020இலும், 'தி ஃபிளாஷ்' 2023இலும் நிறைவுற்றன. உலகங்களை இணைத்தது மின்னல் வேகம். காண்போரை இணைத்ததோ மாந்தரின் மனத்துயரம்.