பின்னச்சுக்குள் நுழையும் ஆறு

வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்கும் நாள் அக்டோபர் 20. அது நெருங்கும்போது, தரைப்பாலங்களையும் காட்டாறுகளையும் தாண்டி வாழைத்தார், காய்கறி, மாட்டுத்தீவனம் ஏற்றிச்செல்லும் பிக்கப் ஓட்டுநர்களின் கடிதங்களில் ஒரே குழப்பம் திரும்பத் திரும்ப வருகிறது. ஆற்றில் வண்டி நிற்கவில்லை, இன்ஜின் திணறவும் இல்லை. ஆனால் சில வாரங்கள் கழித்துப் பின்னச்சிலிருந்து ஊளையிடுவது போன்ற சத்தம் கிளம்புகிறது. தண்ணீருக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறார்கள். நேரடித் தொடர்பு உண்டு.

அதற்கு முன் நிறுவனங்கள் சொல்லும் ஓர் எண்ணைப் பார்த்துவிட வேண்டும். டொயோட்டா ஹைலக்ஸ் 700 மில்லிமீட்டர் ஆழம்வரை தண்ணீரில் போகும் என்கிறது அதன் விவரக்குறிப்பு. ஃபோர்டு ரேஞ்சருக்கு 800. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது தேங்கிய நீருக்கும் உறுதியான தரைக்கும் மெதுவான வேகத்துக்கும் பொருந்தும் எண். ஓடும் நீரில் கணக்கே வேறு. ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் வேகவெள்ளம் பிக்கப்பையே அடித்துச் சென்றுவிடும் என்று அமெரிக்க தேசிய வானிலைச் சேவை எச்சரிக்கிறது. விளம்பரம் தாங்கும் என்று சொல்லும் ஆழத்துக்கு முன்பே ஆறு வண்டியைத் தூக்கிவிடுகிறது. இந்த இரண்டு எண்களையும் ஒரே பக்கத்தில் அச்சிட எந்த விளம்பரமும் முன்வராது. ஓட்டுநர் மனத்தில் இருக்க வேண்டியது இரண்டாவது எண்தான்.

இனிப் பின்னச்சுக்கு வருவோம். ஓட்டுநர்கள் கிரவுன் என்று சொல்லும் பகுதி ஓர் இரும்புக் கூட்டுக்குள் எண்ணெயில் சுழல்கிறது. முழுச் சுமையோடு சிறிய கியரில் கரடுமுரடான பாதையில் வரும்போது எண்ணெயும் மேலே இருக்கும் காற்றும் சூடாகின்றன. விரிந்த காற்று வெளியேற வேண்டும். இல்லாவிட்டால் அந்த அழுத்தம் ஆயில் சீல் வழியே எண்ணெயைத் தள்ளிவிடும். இதற்காகவே கூட்டின் மேல் விரல்நுனி அளவுக்கு ஒரு பிரீதர் மூடி இருக்கிறது. வண்டி வாங்கி ஐந்தாண்டு ஆன பிறகும் அதைப் பார்த்திராதவர்கள் உண்டு.

சூடான அந்தக் கூடு ஆற்றில் இறங்கியதும் சட்டென்று குளிர்கிறது. உள்ளே இருக்கும் காற்று சுருங்குகிறது. 80 டிகிரியில் இருந்த காற்று 30 டிகிரிக்கு இறங்கி, வெளிக்காற்று உள்ளே வர வழியும் இல்லை என்றால் அதன் அழுத்தம் சுமார் 14 சதவீதம் குறையும். ஏறத்தாழ 1.4 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை உறிஞ்ச அது போதும். பிரீதர் மூடி நீருக்குள் முழுகியிருந்தால் அதன் வழியே தண்ணீர் நுழையும். சேறு காய்ந்து மூடி அடைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். உறிஞ்சும் வேகம் முழுவதும் சக்கரப் பக்கத்து ஆயில் சீல்களில் விழும். அந்தச் சீல்களின் முதல் வேலை எண்ணெயை உள்ளே நிறுத்துவது. வெளியிலிருந்து அழுத்திவரும் தண்ணீரைத் தடுப்பதில் அவை அத்தனை வலுவானவை அல்ல.

ஆக, கூட்டில் ஓட்டை எதுவும் இல்லாமலே அது ஆற்றைக் குடிக்கிறது. இதில் கவலைக்குரியது, ஓட்டுநருக்கு அப்போது எதுவும் தெரியாது என்பதே. கரையேறியதும் தண்ணீரும் எண்ணெயும் பல்சக்கரங்களில் அடிபட்டுப் பால் கலந்த காப்பியின் நிறத்துக்கு மாறுகின்றன. மசகுத் தன்மை போகிறது, பேரிங்கில் துரு பிடிக்கிறது. சத்தம் கேட்பதற்குள் பல நூறு கிலோமீட்டர் ஓடியிருக்கும். ஆற்றைக் கடந்த நாள் யாருக்கும் நினைவிருக்காது.

இதற்கான மாற்று ஏற்பாடு மிக எளிது. பிரீதர் மூடியைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு நிப்பிளைப் பொருத்தி, எண்ணெய் தாங்கும் குழாயைச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டி இன்ஜின் அறையின் உயரத்துக்கோ பின்விளக்குக்கு மேலேயோ கொண்டுபோக வேண்டும். அச்சு மேலும் கீழும் ஆடும் என்பதால் குழாயில் கொஞ்சம் தளர்வு வேண்டும். மேல்முனை தரையைப் பார்த்து வளைந்திருக்க வேண்டும். பிறகு கூடு உறிஞ்சுவது வெறும் காற்றைத்தான். ஆஸ்திரேலியாவில் இதைத் தனிப் பெட்டியாகவே கடைகளில் விற்கிறார்கள். இங்கே ஒரு நல்ல மெக்கானிக்குக்கு இது அரைநாள் வேலைகூட இல்லை. தரைப்பாலப் பகுதிகளில் விற்கும் சரக்கு வண்டிகளுக்கு நிறுவனங்களே இதைப் பொருத்தித் தந்திருக்கலாம்.

நீலகிரி மாவட்டத்தின் தெங்குமரஹாடாவுக்குப் போகிறவர்களுக்கு இது ஏட்டுப் பேச்சு அல்ல. பவானிசாகரிலிருந்து காட்டுப்பாதையில் குலுங்கி வரும் பயணம் மாயாற்றங்கரையில் முடிகிறது. அங்கே பாலம் கிடையாது. ஆட்கள் பரிசலில் கடப்பார்கள். நீர் குறைந்த நாள்களில் வண்டிகள் ஆற்றிலேயே இறங்கும். நெடுந்தூரம் சூடேறி வந்த அச்சு நேராகத் தண்ணீருக்குள் போகிறது. கரையில் கால்மணி, அரைமணி நேரம் வண்டியை நிறுத்தி ஆறவிடுவது அதற்காகத்தான். இன்னொன்றும் உண்டு. ஆற்றைக் கடக்கும் முன் இறங்கி நடந்து ஆழம் பார்க்கச் சொல்லும் வழிகாட்டிகளை மாயாற்றில் அப்படியே பின்பற்ற முடியாது, அங்கே முதலைகள் இருக்கின்றன. உள்ளூர் பரிசல்காரரிடம் கேட்பதுதான் வழி. ஊரில் ஒரு துளி மழை இல்லாதபோதும், மேலே பைக்காரா அணையில் நீர் திறந்தால் மாயாறு பெருகிவிடும்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமான பதில்கள்:

தண்ணீர் போய்விட்டதா என்று எப்படிப் பார்ப்பது? இரவு முழுவதும் வண்டியை நிறுத்திவிட்டுக் காலையில், அசைக்கும் முன், கிரவுனின் அடி பிளக்கைச் சற்றே தளர்த்துங்கள். தண்ணீர் கனமானது என்பதால் முதலில் அதுதான் வரும். எண்ணெய் வெளுத்திருந்தால் முழுவதையும் மாற்றிவிடுங்கள்.

ஸ்நார்க்கல் போதுமா? அது இன்ஜினை மட்டுமே காக்கும், அச்சுக்கும் கியர்பாக்ஸுக்கும் உதவாது.

நடு ஆற்றில் இன்ஜின் நின்றால்? சாவியைத் தொடாதீர்கள். 2.5 லிட்டர் டீசல் இன்ஜினின் ஒரு சிலிண்டரில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மிஞ்சும் இடம் சுமார் 40 மில்லிதான், அதற்கு மேல் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளையும்.

வேகம்? நடக்கும் வேகத்துக்குச் சற்று மேல், ஒரே கியரில், நிற்காமல்.

பிரேக்? கரையேறியதும் மிதியை லேசாக அழுத்தியபடி சிறிது தூரம் ஓட்டி உலர்த்துங்கள்.

கிரீஸ்? புரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸுக்கு அன்றே அடித்துவிடுங்கள், பழைய கிரீஸோடு தண்ணீரும் வெளியே வரும்.

காப்பீடு? தண்ணீரில் ஸ்டார்ட் செய்ததால் கெட்ட இன்ஜினைச் சாதாரணப் பாலிசி பெரும்பாலும் ஏற்காது. இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு சரக்கு வண்டிகளுக்கு எல்லாத் திட்டங்களிலும் கிடைப்பதில்லை என்பதால், புதுப்பிக்கும் முன் அது உண்டா, அச்சும் கியர்பாக்ஸும் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.