தறிக்குழியும் நீச்சல் குளமும்

சின்ன காஞ்சிபுரத்தில், தறியில் உட்காரப் போகும் முன் ஒரு வாய் தேநீர் குடித்துவிட்டுப் போகும் தோழர்கள் கூடுகிற கடை ஒன்று. காலை ஏடு அங்கே கைமாறிக் கைமாறிக் கசங்கிப் போயிருக்கும். சென்ற கிழமை அங்கே உட்கார்ந்து, இத்தாலி நாட்டு நீச்சல் வீரர்களைப் பற்றிப் பேசிக் கொண்டிருந்தேன். முப்பது ஆண்டுகளாகத் தறிக்குழியில் காலை விட்டு மிதிபலகையை மிதித்து வரும் நெசவாளத் தோழர் ஒருவர் இடைமறித்தார்.

"இத்தாலிக்காரன் நீந்தினா நமக்கு என்னாண்ணே? நம்ம கூலி ஏறிடுமா?"

கடையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் கேள்வி சிரித்துத் தள்ளக் கூடியதன்று. கூலி ஏறாது, உண்மை! ஆனாலும் அவன் நீந்துவதற்கும் நம் கூலிக்கும் உறவு உண்டு. அதைத்தான் அன்று பாதி சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

இத்தாலியின் வடபகுதியில் கார்ப்பி என்று ஓர் ஊர். ரோம் போல, மிலான் போலப் பேரூர் அல்ல. ஒரு காலத்தில் மரச்சீவலைப் பின்னித் தொப்பி செய்து வயிறு வளர்த்த ஊர்; பிறகு பின்னலாடைக்கு மாறிக் கொண்டது. நம் திருப்பூரைச் சிறிதாக்கி மனக்கண்ணில் நிறுத்திக் கொள்ளுங்கள், போதும். நூலை நம்பி வாழ்ந்த அந்த ஊரில் 1994-இல் பிறந்தவர் கிரெகோரியோ பால்த்ரினியேரி. தந்தையார் நீச்சல் குளம் ஒன்றை நிர்வகித்தவர். நடை பழகிய நாளிலேயே நீரும் பழகிவிட்ட பிள்ளை!

2016-இல் பிரேசிலின் ரியோ நகரத்து ஒலிம்பிக்கில், 1500 மீட்டர் நீச்சலை 14 நிமிடம் 34.57 விநாடியில் முடித்துத் தங்கம் பெற்றார். ஐம்பது மீட்டர்க் குளத்தை முப்பது முறை கடக்க வேண்டும், நடுவில் நின்று மூச்சு வாங்க முடியாது. நெசவாளிக்கு இதைச் சொன்னால் புரியும்: ஒரு புடவையின் முழு நீளத்துக்கும் அடி பிசகாமல், தளர்வு காட்டாமல் போக வேண்டும். 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்குக்குச் சில வாரம் முன்பு உடலை ஓய்த்துப் போடும் காய்ச்சலில் விழுந்தார். எழுந்து போய், 800 மீட்டரில் வெள்ளி, திறந்த நீரில் 10 கிலோமீட்டர் நீந்தி வெண்கலம்! 2024-இல் பாரிசில் மேலும் இரண்டு. ஆக ஐந்து ஒலிம்பிக் பதக்கங்கள்.

பெண்களில் வெனிஸ் பக்கத்துப் பெடரிகா பெலெக்ரினி. 16 வயதில், 2004-இல் ஏதென்ஸ் நகரில் வெள்ளி. 2008-இல் பெய்ஜிங்கில் 200 மீட்டரில் தங்கம். அடுத்த ஆண்டு ரோமில் அதே தூரத்தை 1 நிமிடம் 52.98 விநாடியில் நீந்தி அவர் நாட்டிய உலகச் சாதனை, 2023 வரை அசையாமல் நின்றது. பதினான்கு ஆண்டு!

இதைக் கேட்டவுடன், "அது அவர்கள் இரத்தத்திலேயே இருக்கிறது, மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த நாடு" என்று சொல்லிவிடுவார்கள். நமக்கும் கடல் இருக்கிறதே! இத்தாலியின் கதையையே கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம். முசோலினி தன் ஆட்சியின் மிடுக்கைக் காட்ட ரோமில் பெரிய விளையாட்டு வளாகம் எழுப்பினான். தன் பெயரையே அதற்கு வைத்துக் கொண்டான். பளிங்குச் சிலைகள், பெயர் பொறித்த கல்தூண். தூண் இன்றும் நிற்கிறது. ஆனால் நீச்சலில் பதக்கம் வந்ததா? இல்லை. 1960-இல் ரோமிலேயே ஒலிம்பிக் நடந்தது. அதற்கென்று அந்த வளாகத்தில் புதிய நீச்சலரங்கமும் கட்டினார்கள். நீர்ப்பந்தாட்டத்தில் தங்கம் கிடைத்தது. நீச்சல் பந்தயத்தில் ஒன்றுகூட இல்லை. 1972-இல் மியூனிக் நகரில், பதுவா ஊர்ப் பெண் நொவெல்லா கல்லிகாரிஸ், 17 வயதில், ஒரு வெள்ளியும் இரண்டு வெண்கலமும் பெற்ற போதுதான் இத்தாலியின் நீச்சல் கணக்கே தொடங்கியது. முதல் தங்கம் 2000-இல் சிட்னியில், தொமெனிக்கோ பியோராவந்தி வாங்கித் தந்தது. சர்வாதிகாரி நட்ட கல்தூணுக்கும் முதல் தங்கத்துக்கும் நடுவே அறுபது ஆண்டுக்கு மேல் ஓடிவிட்டது. இரத்தத்தில் இருந்திருந்தால் இவ்வளவு காலமா பிடிக்கும்?

வந்தது எப்படி? சிற்றூர்களில் குளங்கள், அவற்றைச் சுற்றிக் கழகங்கள். இன்னொன்று, நம் தோழர்கள் கவனிக்க வேண்டியது: சம்பளம். இத்தாலியின் காவல் துறைக்கும் இராணுவத்துக்கும் சொந்தமாக விளையாட்டு அணிகள் உண்டு. பால்த்ரினியேரி காவல் துறை அணியைச் சேர்ந்தவர். நீந்துகிறவனுக்கு மாதம் பிறந்தால் ஊதியம். அடுப்பு எரிகிறதா என்ற கவலையைக் கரையில் வைத்துவிட்டு அவன் நீரில் இறங்குகிறான்.

இப்போது நம் வீட்டுப் பக்கம் வருவோம்.

1994-இல், 12 வயதுத் தமிழ்ச் சிறுவன் குற்றாலீசுவரன், ஒரே ஆண்டில் ஆறு நீர்ப்பரப்புகளை நீந்திக் கடந்து உலகை வியக்க வைத்தான். மிகிர் சென் 1966-இல் ஐந்தைக் கடந்திருந்தார். அதை நம் பிள்ளை முறியடித்தான். நம் பாக் நீரிணை அதில் ஒன்று, ஆங்கிலக் கால்வாய் ஒன்று, இத்தாலியின் மெசினா நீரிணையும் ஒன்று. அர்ஜுனா விருது கொடுத்தார்கள். பிறகு? நீச்சலை விட்டுவிட்டுப் படித்துப் பொறியாளரானார். அவரைக் குறை சொல்ல எவருக்கும் வாயில்லை. விருதை வைத்து உலை வைக்க முடியுமா!

இனி நெய்வேலிக்குப் போவோம். 1956-இல் அரசு நிறுவனமாகத் தொடங்கப்பட்ட பழுப்பு நிலக்கரிச் சுரங்கம். அந்த மண்ணைக் கொடுத்த உழவர்களின் குறை முழுதும் தீர்ந்துவிட்டது என்று நான் எழுதினால் அவர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். அது தனிக் கட்டுரைக்குரிய விஷயம். ஆனால் அங்கே எழுந்த தொழிலாளர் நகரியத்தில் வீடும் பள்ளியும் மருத்துவமனையும் இருந்தது போல, ஒரு நீச்சல் குளமும் இருந்தது.

கேரளத்தில் இடுக்கிப் பக்கம் 1993-இல் பிறந்த சஜன் பிரகாஷ் வளர்ந்தது நெய்வேலியில். தாயார் சாந்திமோள், இந்தியாவுக்காக ஓடிய தடகள வீராங்கனை; நெய்வேலி நிறுவனத்தில் பணி. ஊழியரின் பிள்ளை நிறுவனத்தின் குளத்தில் நீந்தக் கற்றான். 2015-இல் கேரளத்தில் நடந்த தேசிய விளையாட்டில் ஆறு தங்கம், மூன்று வெள்ளி அள்ளினான். 2016 ரியோ ஒலிம்பிக்குக்கும் போனான். ஆனால் அது பின்தங்கிய நாடுகளுக்கென்று ஒதுக்கி வைக்கும் இடத்தில் போனது. பந்தியில் இடம் உண்டு, ஆனால் உரிமையோடு உட்கார்ந்த இடமன்று. அதுவரை இந்திய நீச்சல் வீரன் எவனும் ஒலிம்பிக்கின் முழு நேரத்தகுதியைப் பெற்றதில்லை.

2020-இல் பெருந்தொற்று வந்தது. தாய்லாந்தில் பயிற்சியில் இருந்த சஜன் அங்கேயே முடங்கினார், குளங்களை மூடிவிட்டார்கள். அதற்கு மேல் கழுத்தெலும்பின் வட்டு விலகி இடது கை வலி எடுத்தது. அவர் நீந்துவதோ பட்டாம்பூச்சி நீச்சல். இரண்டு கையையும் ஒருசேர நீருக்கு மேலே வீசி எறிய வேண்டும். தோளும் கழுத்தும் கெட்டால் எல்லாம் கெட்டது. துபாயில் பயிற்சியாளர் பிரதீப் குமாரிடம் போய், அடி முதல் தொடங்கினார்.

2021 ஜூன். டோக்கியோவுக்குத் தகுதி பெற 200 மீட்டரை 1 நிமிடம் 56.48 விநாடியில் முடிக்க வேண்டும். பெல்கிரேடில் 1:56.96. அரை விநாடிக்கும் குறைவில் தவறியது. அடுத்து ரோம் நகரில், "ஏழு குன்றுகள்" என்று பெயர் கொண்ட பந்தயம். முசோலினி தூண் நட்ட அதே வளாகம்! ஜூன் 26-ஆம் நாள், நெய்வேலிக் குளத்துப் பிள்ளை 1 நிமிடம் 56.38 விநாடியில் சுவரைத் தொட்டார். விநாடியில் பத்தில் ஒரு பங்கு மிச்சம்! நேரத்தகுதி பெற்று ஒலிம்பிக்குக்குப் போன முதல் இந்திய நீச்சல் வீரர். மறுநாளே அதே குளத்தில் பெங்களூரின் ஸ்ரீஹரி நடராஜ், மல்லாந்து நீந்தும் 100 மீட்டரில் தகுதி பெற்றார். அடைத்திருந்த மடை திறந்தது போல.

டோக்கியோவில் என்ன நடந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சஜன் 1:57.22-இல் நீந்தி 24-ஆம் இடம். முதல் சுற்றோடு முடிந்தது. அதே பந்தயத்தில் வெண்கலம் வாங்கியவர் யார் தெரியுமா? இத்தாலியின் பெடரிகோ புர்திசோ, 1:54.45. இடைவெளி இரண்டே முக்கால் விநாடி. நம்முடைய நெசவாளத் தோழர் நாடாவை இரண்டு முறை வீசுகிற நேரம். ஆனால் அந்த நேரத்துக்குள் இத்தாலியின் ஊர்க்குளங்கள் அத்தனையும், இராணுவ அணி கொடுக்கும் ஊதியமும் அடங்கியிருக்கின்றன. புர்திசோ இராணுவ அணிக்காரர். சஜனுக்கும் கேரளக் காவல் துறை வேலை கொடுத்ததால்தான் அவர் நிலைத்தார் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

சின்ன காஞ்சிபுரத்துக்குத் திரும்புவோம். இந்த ஊரில் தண்ணீருக்குப் பெயர் இல்லாமலில்லை. வரதராசர் கோயில் அனந்தசரசுக் குளத்திலிருந்து அத்திவரதர் 2019-இல் வெளியே எடுக்கப்பட்ட போது திரண்ட கூட்டத்தை நாடே பார்த்தது. நம் பிள்ளைகளோ நீச்சல் கற்றது வயல் கிணற்றில், இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு. அல்லது ஏரியில், மண் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல். விடுமுறை நாட்களில் எத்தனை வீட்டில் அழுகுரல் கேட்டிருக்கிறோம்!

இன்னொன்றும் எழுதியாக வேண்டும். காஞ்சிப் பட்டின் பெருமையே கோர்வை. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், இரண்டையும் பூட்டுகிற வேலை. அதற்கு நெசவாளி ஒருவர் போதாது, மறுபக்கத்திலிருந்து நாடாவைத் தள்ள இன்னொரு கை வேண்டும். அந்தக் கை நெடுங்காலம் சிறுவன் கையாக இருந்தது. முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளையை அனுப்பிய குடும்பங்கள் உண்டு. கார்ப்பியில் ஒரு பிள்ளை குளத்தில் இறங்குகிற வயதில், காஞ்சியில் ஒரு பிள்ளை தறியடியில் உட்கார்ந்தான். சட்டத்தாலும் பள்ளியாலும் பலருடைய பாடுபாட்டாலும் அந்தக் கொடுமை இன்று பெருமளவு ஒழிந்திருக்கிறது. ஆனால் அன்று தறியடியில் விடியற்காலைகளை இழந்தவர்கள் இன்று தந்தையர். அவர்களில் எவன் பால்த்ரினியேரி, எவன் சஜன் என்று யாருக்குத் தெரியும்?

கேள்வி கேட்ட தோழரும் அப்படி எட்டு வயதில் நாடா தள்ள வந்தவர்தான். இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சிறிது நேரம் பேசவில்லை. தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். அவருடைய மகன் ஆறாம் வகுப்புப் படிக்கிறான்.

"அண்ணே, அந்தக் குளமெல்லாம் காத்தால எத்தனை மணிக்குத் தொறப்பான்? ஆறு மணிக்கு நான் தறியில ஒக்காந்தாவணும்."