ஐகன் வேல்யூவும் இரண்டு டீக்கடையும்

நான் படித்தபோது இன்ஜினியரிங் முதல் செமஸ்டர் கணக்கில் முதல் யூனிட் மேட்ரிக்ஸ். ஐகன் வேல்யூ கண்டுபிடி என்று ஒரு 16 மார்க் கேள்வி எப்படியும் வரும். டிடர்மினன்ட் போடு, சமன்பாட்டைத் தீர், விடையைப் பிரதியிடு. நானும் அப்படித்தான் பாஸ் செய்தேன். அந்த எண் எதைச் சொல்கிறது என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அரியர் வைத்த நண்பர்கள் அதையே நாலு தடவை மனப்பாடம் செய்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது யாராவது கேட்டால் இப்படிச் சொல்வேன். ஒரு தெருவில் இரண்டு டீக்கடை, மொத்தம் 300 பேர். முதல் கடையில் இன்று குடித்தவர்களில் 10% பேர் நாளை இரண்டாவது கடைக்குப் போகிறார்கள். இரண்டாவதிலிருந்து 20% பேர் முதல் கடைக்கு வருகிறார்கள். கடைசியில் எங்கே எத்தனை பேர் இருப்பார்கள்?

முதல் கடையில் 200, இரண்டாவதில் 100 என்று வைத்துப் பாருங்கள். 20 பேர் போவார்கள், 20 பேர் வருவார்கள். எண்ணிக்கை மாறாது. மேட்ரிக்ஸால் பெருக்கினாலும் மாறாத இந்த 200, 100 தான் ஐகன் வெக்டர். அதன் ஐகன் வேல்யூ 1.

இதற்கு இன்னொரு ஐகன் வேல்யூவும் உண்டு: 0.7. எல்லோரும் இரண்டாவது கடையில் ஆரம்பித்தால் முதல் கடைக்கு 200 பேர் குறைவு. மறுநாள் குறைவு 140, அதற்கடுத்த நாள் 98. தினமும் 0.7 மடங்கு. பத்து நாளில் ஆறு பேர்கூட குறையாது. அதாவது, எவ்வளவு சீக்கிரம் நிலைக்கு வரும் என்பதை இந்த எண் சொல்கிறது.

லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998-ல் வெளியிட்ட பேஜ்ரேங்க்கும் இதே கணக்குதான். கடைக்குப் பதில் வலைப்பக்கம், ஆட்களுக்குப் பதில் லிங்க் லிங்க்காகத் தாவும் வாசகர். 15% நேரம் அவர் லிங்கை விட்டுவிட்டு எங்காவது குதிப்பதாக வைத்துக்கொள்வார்கள். அதனால் இரண்டாவது ஐகன் வேல்யூ 0.85-ஐத் தாண்டாது. கோடிக்கணக்கில் பக்கங்கள் இருந்தும் சில பத்து சுற்றுகளில் கணக்கு முடிவதற்கு அதுதான் காரணம்.

முதல் வருடம் படிப்பவர்கள் 10, 20 இரண்டையும் 5 ஆக்கிப் போட்டுப் பாருங்கள். 0.7 என்னவாகிறது, ஏன் நாள் அதிகமாகிறது என்று தெரிந்துவிட்டால் அந்த யூனிட்டைப் பிறகு மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.