லேப்டாப்பில் சத்தம் வரலையா? கடைக்குப் போகும் முன் நாமே பார்க்கலாம்!



குழுக் கூட்டத்தில் சாமை சுத்தம் செய்யும் படம் போடலாம் என்று லேப்டாப்பைத் திறக்கிறோம். படம் ஓடுகிறது, பேசுபவர் வாய் அசைகிறது, சத்தம் மட்டும் வரவில்லை. நேற்று நன்றாக வந்தது, இன்று இல்லை. சில நாள் பாதியில் நின்றுவிடுகிறது. ஜமுனாமரத்தூர் சுற்றுவட்டாரக் குழுக்களுக்குப் போகும்போது இந்தக் குறையை அடிக்கடி கேட்கிறோம். "ரிப்பேர் ஆயிடுச்சுங்க, போளூர் கடைக்குத்தான் கொண்டு போகணும்" என்கிறார்கள்.

மலையிலிருந்து கீழே இறங்கினால் ஒரு நாள் கூலி போச்சு. பஸ் செலவு வேறு. அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. சில கடைகளில் என்ன கோளாறு என்று பார்க்காமலே "பார்மட் பண்ணிடலாம்" என்று சொல்லிவிடுவார்கள். பார்மட் என்றால் உள்ளே இருப்பதை எல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றுவது. குழுவின் உள்கடன் கணக்கு, சேமிப்புப் பட்டியல், பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல், அலைந்து திரிந்து வாங்கிய பழங்குடி சாதிச் சான்றின் நகல் எல்லாம் ஒரே நிமிடத்தில் போய்விடும். சத்தம் வராததற்குப் பெரும்பாலும் பார்மட் தேவையே இல்லை. இதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்ல வருகிறோம்.

நம் லேப்டாப்பில் என்ன இருக்கிறது?

தமிழக அரசு 2011 செப்டம்பரில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி தரும் திட்டத்தைத் தொடங்கியது. நம் பிள்ளைகள் பிளஸ் 2 படிக்கும்போது வாங்கிய லேப்டாப்புகளைத்தான் பல குழுக்கள் இன்றும் வைத்திருக்கின்றன. அவற்றில் விண்டோஸுடன் 'பாஸ் லினக்ஸ்' என்ற இன்னொரு இயங்குதளமும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007-ல் வெளியிட்டது இந்த பாஸ். தமிழ் உட்பட நம் நாட்டு மொழிகளில் வேலை செய்யும்.

இதைத் திறந்த மூல மென்பொருள் என்பார்கள். ஊறுகாய் செய்முறையை ஒளித்து வைக்காமல் ஊருக்கே சொல்லிக் கொடுப்பது போல. யாரும் பயன்படுத்தலாம், நகல் எடுத்துக் கொடுக்கலாம், திருத்தலாம். லைசென்ஸ் காசு கிடையாது. இதில் ஒரு சிரமமும் உண்டு. சத்தத்துக்கான சிப் செய்யும் கம்பெனிகள் முதலில் விண்டோஸுக்கு ஏற்றபடிதான் தயார் செய்கின்றன. லினக்ஸுக்குப் பல நேரம் தன்னார்வலர்கள்தான் எழுதிச் சேர்க்கிறார்கள். அதனால் சில மாடல்களில் சத்தம் மட்டும் தகராறு செய்யும்.

சத்தம் வரும் வழி

ஊற்றுத் தண்ணீர் தொட்டிக்கு வந்து, வால்வு தாண்டி, குழாய் வழியாகத் தெருக் குழாய்க்கு வருகிறது அல்லவா? தண்ணீர் வரவில்லை என்றால் உடனே ஊற்று வற்றிவிட்டது என்று சொல்ல மாட்டோம். முதலில் குழாயைத் திருகிப் பார்ப்போம், பிறகு வால்வு, பிறகு தொட்டி.

சத்தமும் அப்படித்தான். படம் ஓடும் புரோகிராமில் புறப்படுகிறது. அடுத்து 'பல்ஸ் ஆடியோ' அல்லது புதிய லினக்ஸில் 'பைப்வயர்' என்ற புரோகிராம், எந்தச் சத்தம் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று திருப்பிவிடுகிறது. அதற்குக் கீழே 'அல்சா' என்ற பகுதி சிப்பை இயக்குகிறது. கடைசியில் ஸ்பீக்கர் அல்லது ஹெட்போன். நடுவில் எங்கே ஒரு வால்வு மூடியிருந்தாலும் நம் காதுக்கு ஒன்றும் வராது. ஆகவே வெளியிலிருந்து உள்ளே, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வரிசையாகப் பாருங்கள்

1. சத்தத்தை அடைக்கும் மியூட் பொத்தான் தெரியாமல் அழுந்தியிருக்கலாம். திரையின் ஓரத்தில் உள்ள ஸ்பீக்கர் படத்தில் குறுக்குக் கோடோ பெருக்கல் குறியோ இருக்கிறதா? படம் ஓடும் புரோகிராமுக்கும் தனியாக வால்யூம் உண்டு. இரண்டையும் பாருங்கள்.

2. வேறு ஒரு பாட்டைப் போட்டுப் பாருங்கள். பாட்டு கேட்கிறது, அந்தப் படம் மட்டும் கேட்கவில்லை என்றால் குறை படத்தில். இன்டர்நெட்டில் பார்க்கும்போது விட்டு விட்டு வந்தால் அது சிக்னல் குறை. நம் மலையில் இது சகஜம். படத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

3. ஹெட்போன் மாட்டும் துளையில் தூசி அடைந்தால், ஹெட்போன் மாட்டியிருப்பதாக நினைத்து லேப்டாப் ஸ்பீக்கரை நிறுத்திவிடும். ஹெட்போனை நாலைந்து தரம் செருகி எடுங்கள். ஊசி, ஈர்க்குச்சி விடாதீர்கள்.

4. செட்டிங்கில் 'சவுண்ட்' பகுதிக்குப் போய் 'அவுட்புட்' என்ற இடத்தைப் பாருங்கள். டிவியோ புரொஜெக்டரோ மாட்டியிருந்தால் சத்தம் அந்தப் பக்கம் போயிருக்கும். 'ஸ்பீக்கர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். புளூடூத் ஸ்பீக்கர் என்றால், பக்கத்தில் இருப்பவர் செல்போன் அதைப் பிடித்து வைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

5. மூடி திறந்த பிறகு சத்தம் போய்விட்டதா? சில லேப்டாப்பில் தூங்கி எழுந்ததும் சிப் சரியாக விழிப்பதில்லை. முழுதாக நிறுத்தி, மறுபடி போடுங்கள்.

6. இதுவரை சரியாகவில்லையா? மெனுவில் 'டெர்மினல்' திறந்து, ஆங்கிலத்தில் ஏ, எல், எஸ், ஏ, எம், ஐ, எக்ஸ், ஈ, ஆர் என்று இடைவெளி இல்லாமல் சின்ன எழுத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். எஃப்6 அழுத்தி உங்கள் சவுண்ட் கார்டைத் தேர்ந்தெடுத்தால் கம்பம் கம்பமாகத் தெரியும். கம்பத்தின் அடியில் 'எம்எம்' என்று இருந்தால் அந்த வால்வு மூடியிருக்கிறது. அம்புக்குறியால் அங்கே போய் 'எம்' எழுத்தைத் தட்டினால் திறக்கும். மேல் அம்பு சத்தத்தைக் கூட்டும். வெளியே வர எஸ்கேப். இதில் கணக்கு எதுவும் அழியாது, பயப்பட வேண்டாம்.

முதல் வார்த்தை மட்டும் விழுங்குகிறதா?

பேச்சின் முதல் வார்த்தை கேட்காது, அல்லது 'டொக்' என்று ஒரு சத்தம் வந்து பிறகு சரியாகும். இது ரிப்பேர் அல்ல. பேட்டரியை மிச்சப்படுத்த, வேலை இல்லாதபோது சிப் தூங்கிவிடுகிறது. எழுந்து வரும் நேரத்தில் முதல் வார்த்தை போய்விடுகிறது. தெரிந்தவரிடம் "சவுண்டுக்கு பவர் சேவிங்கை நிறுத்திக் கொடுங்க" என்று சொன்னால் போதும்.

'அப்டேட்' போட்ட மறுநாளே சத்தம் போயிருந்தால், லேப்டாப் தொடங்கும்போது வரும் பட்டியலில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய்ப் பழைய பதிப்பைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அதில் வந்தால் அப்டேட்தான் காரணம்.

உண்மையான ரிப்பேர் என்று எப்படித் தெரியும்?

நம் லேப்டாப்பில் இரண்டு இயங்குதளம் இருப்பது இங்கேதான் கை கொடுக்கிறது. பாஸில் சத்தம் இல்லை, விண்டோஸில் வருகிறது என்றால் ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது. குறை செட்டிங்கிலோ மென்பொருளிலோதான். யாராவது "ஸ்பீக்கர் மாத்தணும்" என்றால் நம்பாதீர்கள். இரண்டிலும் ஸ்பீக்கரில் வரவில்லை, ஹெட்போனில் மட்டும் வருகிறது என்றால் ஸ்பீக்கரோ ஹெட்போன் துளையோ பழுதாகியிருக்கலாம். அப்போதும் பார்மட் தேவையில்லை. யூஎஸ்பியில் மாட்டும் சின்ன ஸ்பீக்கர் ஒன்று வாங்கினாலே பெரும்பாலும் வேலை நடக்கும்.

கடைக்குப் போயே ஆக வேண்டும் என்றால் மூன்றை மறக்காதீர்கள்:

- கணக்கு, சான்றிதழ் எல்லாவற்றையும் முதலில் பென் டிரைவில் நகல் எடுங்கள்.
- என்னென்ன பார்த்தீர்கள், எப்போது சத்தம் போனது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.
- "எங்களைக் கேட்காமல் பார்மட் செய்யக் கூடாது" என்று முதலிலேயே சொல்லுங்கள்.

லினக்ஸுக்கு உதவ ஆட்கள் இருக்கிறார்கள். பக்கத்து மாவட்டமான விழுப்புரத்திலும், காஞ்சிபுரத்திலும், சென்னையிலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் உண்டு. நாம் சேமிப்புக்குக் கூடுவது போல, அவர்கள் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுக்கக் கூடுகிறார்கள்.

அடுத்த கூட்டத்தில் ஊக்குநரும் பிரதிநிதியும் இந்தக் கட்டுரையை வாசித்துக் காட்டி, லேப்டாப்பை நடுவில் வைத்து ஆறு படிகளையும் செய்து பாருங்கள். மகள் மட்டும் தெரிந்து வைத்திருந்தால் போதாது. அவள் காலேஜுக்குக் கீழே போய்விட்டால் யார் பார்ப்பது? மாதம் ஒருமுறை கணக்கை பென் டிரைவில் நகல் எடுக்கும் பொறுப்பு யாருடையது என்று பெயர் சொல்லித் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். சத்தம் இன்று போனால் நாளை வரவழைக்கலாம். கணக்கு போனால் திரும்ப எழுத எத்தனை கூட்டம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.