வர்க்கமூலத்துக்கு எட்டாத தாய்மொழி உரிமை

புதுதில்லி: என்.சி.இ.ஆர்.டி. 2025-இல் வெளியிட்ட எட்டாம் வகுப்புக் கணித நூலின் முதல் அத்தியாயமே வர்க்க எண்களையும் கன எண்களையும் பற்றியது. 1, 3, 5, 7 என ஒற்றை எண்களை வரிசையாகக் கூட்டிவந்தால் 1, 4, 9, 16 என வர்க்கங்கள் கிடைக்கும். 144 சதுர அடி கொண்ட சதுர மனையின் பக்கம் 12 அடி, அதுவே வர்க்கமூலம். மாணவர் இதைப் புரிந்துகொள்வாரா, மனப்பாடம் செய்வாரா என்பதைப் பயிற்றுமொழி பெரிதும் தீர்மானிக்கிறது.

எல்லைப்புறத் தமிழ்க் குழந்தைகளுக்கு இது உரிமைப் பிரச்னை. 1956 மாநிலச் சீரமைப்பில் விளவங்கோடு தமிழகத்துடன் இணைந்தது. செங்கல் கிராமம் அடங்கிய நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நீடித்தது. அதே ஆண்டு அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 350-ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வசதி செய்துதரப் பணிக்கிறது. ஆனால், தொடக்கக் கல்விக்கு மட்டுமே. வர்க்கமூலமோ அதன் பிறகு வரும் பாடம்.

எட்டாம் வகுப்பு வரைக்குமான 2009 கல்வி உரிமைச் சட்டம், தாய்மொழியில் கற்பிப்பதை "இயன்றவரை" என்ற நிபந்தனையோடுதான் கூறுகிறது. 2020 தேசியக் கல்விக் கொள்கையும் ஐந்தாம் வகுப்புக்கு மேல் அதை விருப்பமாகவே முன்வைக்கிறது. வர்க்கம், வர்க்கமூலம் ஆகிய சொற்கள் தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொது. ஆயினும், குழந்தைக்குத் தேவை சொல் மட்டுமல்ல, விளக்கமும்தான். அந்த "இயன்றவரை" எதுவரை என்பதை அரசுகள்தான் தெளிவுபடுத்த வேண்டும்.