மகன் கேட்கும் போர்டு: கல்லாவைத் திறக்கும் முன்

காவாந்தண்டலத்தில் மளிகைக் கடை நடத்தும் நம் உறுப்பினர் ஒருவர் கேட்டார்: "மகன் கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு டி.எம்.ஏ. போர்டு வேண்டும் என்கிறான். 35டி, 75டி, 100டி என்று மூன்று ரகமாம். எதை வாங்கலாம்?"

வாங்கும் சரக்கு இன்னதென்று முதலில் அறிவோம்.

முதலாளியைக் கேட்காமலே குடோனுக்குள் போய் வர கணக்குப்பிள்ளைக்கு நாம் அனுமதி தருவதில்லையா? அதுபோலக் கம்ப்யூட்டரின் பிராசஸரை ஒவ்வொரு முறையும் கேட்காமல் நினைவகத்தை நேரே படிக்கும் வசதியே டி.எம்.ஏ. நெட்வொர்க் கார்டும் டிஸ்க்கும் இதை நேர்மையாகவே பயன்படுத்துகின்றன.

ஆனால் விளையாட்டுக்கென்று விற்கப்படும் போர்டு வேறு. அது நினைவகத்தைத் திருட்டுத்தனமாகப் படித்து, இன்னொரு கம்ப்யூட்டருக்கு அனுப்பும். சுவருக்குப் பின்னால் நிற்கும் எதிரியும் அங்கே தெரிவான். பாதுகாப்பு ஆய்வுக்காக உல்ஃப் ஃபிரிஸ்க் 2016இல் அறிமுகப்படுத்திய பி.சி.ஐ.லீச் என்ற கருவியின் வழிமுறையே பின்னர் இப்படித் திசைமாறியது. நம் மொழியில் சொன்னால், இது அடியில் மெழுகு ஒட்டிய தராசு.

மூன்று ரகமும் ஆர்ட்டிக்ஸ்-7 என்ற சிப்பின் அளவுகளே. சுமார் 33 ஆயிரம், 75 ஆயிரம், ஒரு லட்சம் லாஜிக் செல்கள். எண் கூடினால் விலை கூடும். பிடிபடமாட்டோம் என்பதற்கு அது உத்தரவாதமல்ல. இரண்டாவது கம்ப்யூட்டர், ஏமாற்று மென்பொருளுக்கான சந்தா என்று செலவு தொடரும்.

கண்காணிப்பும் இறுகி வருகிறது. வாலரன்ட் விளையாட்டை நடத்தும் ரயட் நிறுவனம், இத்தகைய போர்டுகள் நுழைய இடம் தந்த மதர்போர்டு குறைகளை 2025 டிசம்பரில் வெளியிட்டது. தயாரிப்பாளர்களும் திருத்தம் தந்தனர். அகப்பட்டால் கணக்கு மட்டுமல்ல, அந்தக் கம்ப்யூட்டரே தடைசெய்யப்படலாம். அப்போது போட்ட பணத்தை யாரிடம் கேட்பது?

2018 அக்டோபரில் ஷாங்காய் போட்டியில் ஆப்டிக் இந்தியா அணியின் ஓர் ஆட்டக்காரர் ஏமாற்று மென்பொருளுடன் பிடிபட்டார். அது போர்டு அல்ல. ஆனால் குற்றம் ஒன்றே. அணி முழுதும் வெளியேற்றப்பட்டு, பின்னர் கலைக்கப்பட்டது. அவருக்கு 5 ஆண்டு தடை. ஒருவர் செய்ததற்கு மற்ற நால்வரும் இழந்தனர்.

நமக்கு இது புதிதல்ல. பக்கத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரை மட்டுமல்ல, அவருடைய உறவினரையும் குடவோலையிலிருந்து விலக்கியது.

ஆகவே உறுப்பினருக்கு நம் பதில்: மூன்றும் வேண்டாம். மகனுக்கு மெய்யாகவே ஆர்வம் இருந்தால், அதே ஆர்ட்டிக்ஸ்-7 சிப் பொருத்திய பயிற்சி போர்டுகள் உண்டு. பேசிஸ் 3, ஆர்ட்டி ஏ7 போன்றவை. பில்லோடு வாங்குங்கள். சிப் வடிவமைப்பைக் கற்றால் நாளை அது தொழிலாகும்.

முத்திரையிட்ட தராசில் நிறுத்துப் பிழைக்கும் நாம், பிள்ளை கையில் கள்ளத் தராசைக் கொடுக்கலாமா?