ஃபுக்குசா: மீண்டு வரும் பட்டும் அதன் தமிழாக்கமும்

ஜப்பானியப் பண்பாட்டுச் சொற்களுள் தமிழில் பெயர்ப்பதற்கு அரியனவற்றுள் ஒன்று 'ஃபுக்குசா'. கொடைப்பொருளின்மேல் விரிக்கப்படும் சதுரப் பட்டுத்துணியை அது குறிக்கும். ஆங்கில அருங்காட்சியகப் பட்டியல்கள் இதனைப் 'பரிசு மூடி' என்னும் பொருள்படப் பெயர்க்கின்றன. அவற்றின்வழித் தமிழாக்கம் செய்வோர் 'பரிசுறை' என்றோ 'போர்வை' என்றோ கொள்ள நேரும். இவை துணியின் பயனை ஓரளவு காட்டுமேயன்றி வழக்கத்தைக் காட்டா.

எடோ காலத்தில் (1603-1868) உயர்குடியினரும் பின்னர்ச் செல்வ வணிகரும் அரக்குப் பூசிய தட்டிலோ பெட்டியின்மீதோ கொடைப்பொருளை வைத்து, அதன்மேல் இப்பட்டினை விரித்து அனுப்பினர். துணி பொருளைச் சுற்றுவதில்லை, முடியப்படுவதுமில்லை. பெறுவோர் பூவேலையைப் பார்த்துச் சுவைத்தபின் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு, துணியையும் தட்டையும் கொடுத்தவருக்கே திருப்பி அனுப்புவர். உடன் சிறு கைம்மாறு வைப்பதும் உண்டு. கலத்தை வெறுமையாகத் திருப்பாத வழக்கம் தமிழ் இல்லங்களிலும் உள்ளதாதலின் இதற்கு விளக்கம் வேண்டுவதில்லை. ஆயின் 'சீர்த்தட்டுத் துணி' என்னும் ஆக்கம் பொருந்தாது. 'சீர்' உறவுமுறைக் கடப்பாட்டை உடன்கொணரும்.

துணியின் பூவேலை ஒருவகை மொழியாகும். நாரையும் ஆமையும் நீடுவாழ்வைக் குறிக்கும். அருவியில் எதிரேறும் கெண்டையினமீன் முயற்சியால் உயர்வதைச் சுட்டும். பொன்முலாமிட்ட தாளை நுண்ணிய கீற்றுகளாக அரிந்து, நூலின்மேல் சுற்றிப் பொன்னிழை செய்வர். அதனைப் பட்டின்மேல் கிடத்தி, மெல்லிய தையலால் பிணிப்பர். மறுபுறத்தில் பெரும்பாலும் குடும்ப இலச்சினை இருக்கும். முன்புறம் நிகழ்ச்சியை உரைக்க, பின்புறம் கொடுத்தவரை உரைக்கிறது. வாழ்த்து துணியில் உள்ளது, துணியோ திரும்பிவிடுகிறது. 'மூடி' என்னும் சொல்லில் விடுபடுவது இதுவே.

இன்னோர் இடர்ப்பாடும் உண்டு. தேநீர்ச் சடங்கில் கலங்களைத் துடைத்துத் தூய்மை செய்யும் பட்டுத்துணிக்கும் ஃபுக்குசா என்றே பெயர். அது பெரும்பாலும் பூவேலையற்றது. இக்காலத்தில் மணவிழாவிற்கும் இறப்புச் சடங்கிற்கும் பண உறையைப் பொதிந்து செல்லும் சிறு துணியும் இப்பெயர் பெறும். அதில் ஊதா நிறம் இரு நிகழ்ச்சிக்கும் ஏற்புடையது. 'பரிசு மூடி' என ஒருபடித்தாகப் பெயர்த்தால், தேநீர்க் காட்சியில் பரிசு மூடியால் கலம் துடைக்க நேரிடும்! ஐயம் எழுமிடத்துக் கொடைத்துணியைக் 'கக்கெஃபுக்குசா' (மேலிடும் ஃபுக்குசா) என வேறுபடுத்தலாம். பொருள்களை மூட்டையாகக் கட்ட உதவும் 'ஃபுரோஷிக்கி' முற்றிலும் வேறு.

1868க்குப் பின்னர் இத்துணிகள் பல மேலைநாட்டுச் சேகரிப்புகளை அடைந்தன. அங்கு அவை சுவரில் தொங்கும் ஓவியம்போல் காட்சிக்கு வைக்கப்பட்டன. மீண்டு செல்லும் இயல்பு அவற்றைவிட்டு நீங்கிற்று. பட்டியல்களின் சொல்லாட்சியைத் தமிழில் அவ்வாறே ஏற்பதனால் இவ்விழப்பு இருமடங்காகும். எனவே மூலச்சொல்லையே ஆண்டு, முதன்முறை வருமிடத்துக் 'கொடைமேல் விரித்து மீளப்பெறும் பூவேலைப் பட்டு' என விளக்கம் தருதலே தக்கது. எழுதுங்கால் ககரத்தை இரட்டித்தல் நன்று. 'ஃபுகுசா' என எழுதின் தமிழ் ஒலிப்புமுறைப்படி இடைக்ககரம் மெலிந்து ஒலிக்கும்.